முந்தி முற்றியவை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தீனியக்கா என்று பட்டப்பெயர். கண்ணாடித் தட்டுகளில் வளரும் மூளை ஸ்டெம் செல்களுக்குத் தினமும் சத்துநீர் மாற்ற வேண்டும். ஞாயிறாவது, லீவாவது! ஒருநாள் ஏமாந்தால் போச்சு. பெருகுவதை விட்டுவிட்டு, கைகால் நீட்டி நரம்பு செல்களாக முற்ற ஆரம்பித்துவிடும்.

"அவசரக் குடுக்கைங்க! முதல்ல கூட்டம் சேரணும், அப்புறம்தான் முத்தணும். முந்திக்கிட்டா குப்பைலதான் போடணும்" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். மகளுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பேச்சு.

அந்த மகள் இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. ஸ்கேன் அறையில் டாக்டரம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"குழந்தையோட மூளை ரொம்ப சின்னதா இருக்கும்மா. ஆரம்பத்துல செல்லுங்க போதுமான அளவு பெருகாமலே முத்தியிருக்கலாம். ஏன்னு இப்ப சொல்ல முடியாது."

தீனியக்காவின் பாவி மனசுக்கு எல்லாம் புரிந்து தொலைத்தது.

மருமகன் வண்டியை எடுக்கப் போனார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் மகள் கேட்டாள்.

"நான்தான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா?"

"சேச்சே, நீ ஒண்ணும் பண்ணலடி."

"அப்ப நீ அங்க ஊத்துற மருந்த இதுக்குக் குடுத்தா? திரும்பப் பெருகாதா?"

"முத்தினது முத்தினதுதான் கண்ணு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மகள் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"அப்ப இதையும் குப்பைலதான் போடணுமா?"

ஐயோ, என்ன வாய் இது! எத்தனை வருஷம் சிரித்துச் சிரித்துச் சொன்ன வாய்!

"அது தட்டுல வளர்றதுடி. இது நம்ம புள்ள."

"அந்தத் தட்டுக்குத்தானேம்மா ஞாயித்துக்கிழமை கூட என்ன விட்டுட்டு ஓடுன?" தோளில் வைத்த அம்மாவின் கையை உதறிவிட்டு மகள் எழுந்தாள்.

அந்த ஞாயிறு தீனியக்கா வேலைக்குப் போகவில்லை. மகள் வீட்டிலேயே தங்கி அவளுக்குக் கஞ்சி வைத்துக்கொடுத்தாள். மறுநாள் காலையில் ஆய்வுக்கூடத்துப் பெண் போன் பண்ணினாள். ஸ்பீக்கர் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"என்னக்கா, நேத்து வரலையா? எல்லாம் கைகால் நீட்டிடுச்சு. எப்பவும் போல குப்பைலயே போட்டுடவா?"

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. மகள் கட்டிலில் படுத்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா? போட்டுடவா?"

தீனியக்கா போனை அணைத்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.