பட்டி பார்த்த கிட்டார்

என் சகலையைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். எனக்கு முதல் கடுப்பே அதில்தான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், என்னைவிட ஆறு வயது சின்னவர். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதுகிறேன். மனதுக்குள் எப்போதும் 'அவன்'தான்.

லிஃப்ட் மெக்கானிக். பத்துப் பன்னிரண்டு கட்டடங்கள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. ஒரு கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு திரிவார். எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் இவருக்குத்தான் போன் வரும். இவர் போய்க் கதவைத் திறப்பார். உள்ளே மாட்டிக்கொண்டவர் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்து இவர் கையைப் பிடித்தால் விடமாட்டார். ஒரு பல் டாக்டர் கட்டிப்பிடித்து அழுதே விட்டாராம். இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டாக்டர் மாட்டியிருந்த நேரம் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் கூடிக்கொண்டே போகிறது.

நான் கார் பெயிண்டர். இருபத்தாறு வருஷமாகப் பட்டறையில் இருக்கிறேன். கதவு நசுங்கியும் பம்பர் கீறியும் வருகிற வண்டிகளுக்குப் பட்டி பார்த்து, அதாவது சாம்பல் நிறக் களிம்பால் பள்ளத்தை அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து அனுப்புவேன். வேலை சுத்தமாக இருந்தால் வேலை நடந்ததே தெரியாது. வண்டிக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார், "எந்த இடம்னே தெரியலையே" என்பார், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இதுவரை ஒருத்தரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுததில்லை.

அதுகூடப் போகட்டும். என் மகளுக்கும் அவர் என்றால் உயிர். சின்ன வயதில் சைக்கிள் செயின் கழன்றால் "சித்தப்பா வரட்டும்" என்று சுவரோரம் சாய்த்து வைத்துவிடுவாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். எனக்குச் செயின் மாட்டத் தெரியாதா?

இப்போது அவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அங்கே ஒரு குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறாள். அதுவரை வாசித்ததெல்லாம் தோழியின் இரவல் கிட்டார். தனக்கென்று ஒன்று வேண்டும், வேறு யாரிடமும் இல்லாததாக வேண்டும் என்று தேடிப் பிடித்து, நாமே பூட்டிக்கொள்ளும் ஒரு கிட் வரவழைத்தாள். பெட்டியைத் திறந்தால் பெயிண்ட் அடிக்காத வெள்ளை மரத்தில் கிட்டாரின் உடம்பு, தனியாக ஒரு நீளக் கழுத்து, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் என்கிற இரும்புத் தகடு, ஒரு கவர் நிறைய ஸ்க்ரூவும் வயரும். கூடவே படம் போட்ட ஒரு தாள்.

"சித்தப்பாகிட்ட குடுத்தா ரெண்டே நாள்ல சேத்துக் குடுத்துருவார்" என்றாள்.

"பெயிண்ட்?"

"அதுக்கு ஸ்ப்ரே டின் கிடைக்குதாம்பா. அதையும் அவரே…"

"அப்ப நான் எதுக்கு இந்த வீட்டுல இருக்கேன்?"

கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். "நீங்க அடிச்சுத் தர்றீங்களாப்பா? நெஜமாவா? கிட்டத்துல பாத்தா நீலம், தூரத்துல பாத்தா கறுப்பு. அப்படி வேணும்." பத்தொன்பது வருஷத்தில் அவளாக என் தொழிலை நம்பி ஒன்று கேட்டது அன்றைக்குத்தான். பெயிண்ட் என்னுடையது, வயரிங் சித்தப்பாவுடையது என்று முடிவானது. அந்தக் கிட்டாரை யார் பார்த்தாலும் முதலில் என் வேலைதான் கண்ணில் பட வேண்டும், என் மகள் "அப்பா பண்ணது" என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பட்டறை வேலை முடிந்து தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மரத்தை மூன்று வித உப்புத்தாளால் தேய்த்தேன். விரலால் தடவிக்கொண்டே போனபோது பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் ஒரு துளை தட்டுப்பட்டது. ஸ்க்ரூ துளைகள் எல்லாம் வரிசையாக, நேராக இருந்தன. இது மட்டும் தனியாக, கோணலாக, பென்சில் முனை நுழையும் அளவில் இருந்தது. துளை போட்டவன் கை வழுக்கியிருக்கிறான் என்று நினைத்தேன். பெயிண்டர் கண்ணில் பட்ட துளை பிழைக்குமா? பட்டியைக் குழைத்து அழுத்தி அடைத்தேன். காய்ந்ததும் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால்கூட இடம் தெரியவில்லை. அப்புறம் நீலம் மூன்று கோட், அதன்மேல் பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் நான்கு கோட். ஒரு வாரம் காயவிட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டேன். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பிரிட்ஜையும் நானே முடுக்கிவிட்டேன். என் பாலிஷ் மேல் அவர் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் யார் பதில் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை சகலை எங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சால்டரிங் வைத்தார். நான் எதிரில் உட்கார்ந்து, பெயிண்ட் மேல் ஈயம் சொட்டுகிறதா என்று காவல் காத்தேன். கடைசியில் ஒரு வயரைத் தூக்கிக் காட்டினார்.

"அண்ணே, இது ஒண்ணு மிச்சமிருக்கு. பிரிட்ஜுக்கு அடியில போகுதுன்னு படத்துல போட்டிருக்கான். ஆனா வழியக் காணோமே."

"அது வேற மாடலுக்கா இருக்கும். விடுங்க தம்பி."

பெரியவர் சொன்னால் மறுத்துப் பேசாத ஆள். வயரை மடித்து டேப் சுற்றி உள்ளேயே வைத்து மூடினார்.

மகள் ஆம்ப்ளிஃபையரில் சொருகினாள். கொய்ங்ங் என்று ஒரு இரைச்சல். கம்பியை மீட்டினால் பாட்டோடு இரைச்சல், கையை எடுத்தால் வெறும் இரைச்சல். வரும் சனிக்கிழமை அவளுக்கு மேடை. அவள் முகம் விழுந்துபோனது.

என்னைக் கேட்டால், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. "வயரிங்லதான் ஏதோ கோளாறு" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"என்ன சித்தப்பா, நீங்க பாத்துப் பண்ணிருக்கக் கூடாதா?" என்றாள் மகள். அந்தக் குரலில் அவள் அவரிடம் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று இரண்டு கரண்டி சோறு கூடவே இறங்கியது.

வியாழக்கிழமை சகலை கிட்டாரோடு என் பட்டறைக்கே வந்தார். ஒரு மூலையில் ஆம்ப்ளிஃபையரை வைத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"கம்பியத் தொட்டா சத்தம் அடங்கணும்ணே. அடங்கல. வயர் சொருகுற இடத்துல இரும்பைத் தொட்டா அடங்குது. அப்ப கம்பிக்கு எர்த் போகல."

கம்பிகளைத் தளர்த்தி, வயர் இருக்கும் குழியின் மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்தார். குழிச் சுவரிலிருந்து ஒரு துளை பிரிட்ஜை நோக்கிக் கிளம்பி, பாதியில் சாம்பல் நிறத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சாம்பல் நிறத்தை எனக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியும்.

"பட்டி பாத்துட்டீங்களாண்ணே?"

சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. பிரிட்ஜைக் கழற்றிவிட்டு டிரில் மெஷினை என் கையில் கொடுத்தார். "நீங்களே போடுங்க. உங்க பெயிண்ட் உங்க கைக்குத்தான் கட்டுப்படும்." டேப் ஒட்டி, நான் அடைத்ததை நானே துளைத்தேன். அவர் அந்த மிச்ச வயரை உள்ளிருந்து விட்டு, பிரிட்ஜுக்கு அடியில் மடித்து வைத்து முடுக்கினார். கம்பியில் கை வைத்ததும் இரைச்சல் நின்றது.

அந்த நேரம் பார்த்து மகள் கல்லூரியிலிருந்து நேராக வந்து நின்றாள். "சரியாயிடுச்சா? என்னவாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார். "என் தப்புதாம்மா. ஒரு வயர விட்டுட்டேன்."

"அப்பாவோட வேலைல ஒரு குறை சொல்ல முடியாது, நீங்கதான் சித்தப்பா சொதப்பிட்டீங்க" என்று சொல்லி என் கையைக் கோத்துக்கொண்டாள்.

நான் ஆசைப்பட்டது அதுதானே? கிடைத்துவிட்டது. நானும் கிட்டாரைத் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து "உன் தங்கச்சி புருஷன் ஒரு வயரையே மறந்துட்டார்" என்று மனைவியிடம் வேறு சொன்னேன். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு வண்டிக்கு வெள்ளை அடிக்க வேண்டிய இடத்தில் வேறு வெள்ளை அடித்தேன். திறமையில் அவர் ஜெயித்துவிட்டுப் போகட்டும். பெருந்தன்மையிலும் அவரேதான் ஜெயிக்க வேண்டுமா?

சனிக்கிழமை காலை மகள் கிட்டாரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். நல்ல மனதோடு சொன்னேன் என்று பெருமையடித்துக்கொள்ளமாட்டேன். சொன்னால் என் மேல் ஒரு மதிப்பு வரும் என்ற கணக்கும் உள்ளே இருந்தது.

"துளைய அடைச்சது நான்தாம்மா. உங்க சித்தப்பா மேல தப்பே இல்ல."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "அப்ப உங்களுக்காகவா அவர் பழியத் தலைல போட்டுக்கிட்டார்? ஐயோ, நான் என்னெல்லாம் பேசிட்டேன்!" அப்படியே போனை எடுத்து வாசலுக்குப் போய்விட்டாள். "சாரி சித்தப்பா, சாரி சித்தப்பா" என்று அழுகிற குரல் உள்ளே வரை கேட்டது. உண்மையைச் சொன்னவன் அவள் போட்டுவிட்டுப் போன துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மாலையில் கல்லூரி அரங்கத்தில் நான், மனைவி, மைத்துனி, சகலை நான்கு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். மகள் மேடைக்கு வந்தாள். வெளிச்சம் விழுந்ததும் அந்த நீலம் எழுந்து நின்றது. பின்வரிசையில் யாரோ "கலரைப் பாருடா" என்றார்கள். என் வேலையை ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் போட்ட ஒற்றை வயர் பிரிட்ஜுக்கு அடியில் கிடந்தது, யாருக்கும் தெரியவில்லை. வேலை நடந்ததே தெரியாத என் தொழிலை அன்றைக்கு அவர் செய்துவிட்டு, என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாட்டு தொடங்குவதற்கு முன் அவள் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை. தலையை நிமிர்த்தி எங்கள் வரிசையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அவ உங்களைப் பாத்துத்தான் சிரிச்சா" என்று என் மனைவி இன்றுவரை சத்தியம் செய்கிறாள். சகலை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். கண்ணைத் துடைத்துக்கொண்டது அவன்.