கடைசிப் பக்கத்தில் ஒரு கிளிப்

அந்த வாடகைப் புத்தகக் கடைக்கு வருகிறவர்கள் எழுதியது யார் என்று கேட்பதில்லை. புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "அக்கா, இதுல யாராவது சாவாங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

கடைக்கார அக்கா புத்தகத்தைத் திறக்காமலே பதில் சொல்வாள். "ஒரே ஒரு மாமனார். அதுவும் பாதியிலயே போயிடுவாரு. நீங்க வருத்தப்பட மாட்டீங்க."

"அட்டையில நாய் ஒண்ணு இருக்கே?"

"நாய்க்கு ஒண்ணும் ஆகல. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் அவள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். பள்ளிக்கூட நாளில் ஒரு தொடர்கதையின் நாயகி, எல்லாம் கூடிவந்த நேரத்தில் பொசுக்கென்று செத்துப்போனாள். இவள் அழுத அழுகையில் வீட்டில் நிஜமாகவே யாரோ போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள். இனி எந்த எழுத்தாளனும் தன்னை இப்படி ஏமாற்றக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தவள்தான். தெருவில் அவளுக்குக் 'கடைசிப்பக்கம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பாள்.

கடைக்கென்று அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். கதையில் நல்லவர் யாராவது சாகிறார் என்றால், கடைசிப் பக்கங்களைச் சேர்த்து ஒரு கிளிப் மாட்டிவிடுவாள். கிளிப் இருந்தால் கைக்குட்டையோடு உட்கார வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். கெட்டவர்கள் சாவதற்குக் கிளிப் கிடையாது.

கிளிப்புகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொடுப்பவர் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். அவர் மட்டும் ஒரு புத்தகத்தையும் தொட்டதில்லை. "லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க வெளிய வந்ததும் சொல்ற கதையே எனக்குப் போதும்மா" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு மாடிப்படியில் நெஞ்சு அடைத்தது. லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் படியேறித்தானே ஆக வேண்டும்! ரத்தக் குழாயில் அடைப்பு, பைபாஸ் செய்தே தீரவேண்டும் என்றார்கள். சர்க்கரை இறங்கும்வரை வார்டில் படுக்க வைத்தார்கள். கையும் காலும் சும்மா இருந்து பழக்கமில்லாத மனிதர், சீலிங் ஃபேனைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், "ஏம்மா, உன் கடையிலேருந்து ஒரு புத்தகம் கொண்டாயேன்" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் புத்தகம் கேட்டது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட வேண்டியவளுக்குக் கவலைதான் வந்தது. சாவே இல்லாத புத்தகமாகக் கொடுக்க வேண்டும். கடையைப் பாதி சாத்திவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி அலமாரியாக அலசினாள். காதல் கதைகளில் அப்பாக்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ராஜா கதையில் படை படையாக. சிரிப்புக் கதை என்று எடுத்தால், முதல் அத்தியாயத்திலேயே ஒரு பெரியப்பா செத்து வீட்டை எழுதி வைத்திருந்தார். அவர் சாகாவிட்டால் சிரிக்க ஒன்றுமில்லை. குழந்தைகள் புத்தகத்தில்கூட யானைக்குட்டிக்கு அம்மா இல்லை. கடைசியில், இரண்டு குடும்பங்கள் விடுமுறைக்கு வீடு மாற்றிக்கொள்ளும் கதை ஒன்று அகப்பட்டது. அதில் ஒருவருக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை.

மறுநாள் போனபோது அந்தப் புத்தகம் தண்ணீர் ஜாடிக்கு மூடியாக இருந்தது.

"நல்லாயில்லையா?"

"நல்லவங்கதான் எல்லாரும். அதான் தூக்கம் வருது."

கொஞ்சம் கனமானதாகக் கேட்டார். அவள் யோசித்தாள். நாயகன் கடைசி அத்தியாயத்தில் சாகிற தடிப் புத்தகம் ஒன்று உண்டு. இவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வேகத்துக்கு ஆபரேஷனுக்குள் பாதியைத் தாண்ட மாட்டார். கிளிப்பை உருவிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் வாங்கியதும் முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து, பின்பக்கத்து ஓரத்தில் விரலால் தடவினார்.

"துரு இருக்கே."

"எங்க?"

"கிளிப் மாட்டியிருந்த துரு. நான் கொண்டாந்த கிளிப்தானே, எனக்குத் தெரியாதா? யாரு சாகிறது, ஹீரோவா?"

அவள் தண்ணீர் ஜாடியை ஓரமாக நகர்த்தினாள். அடுத்த கட்டிலில் இருந்த தபால்காரர் போர்வைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருக்கு பைபாஸ் முடிந்து, அதற்காக நரம்பு எடுத்த காலில் புண் ஆறாமல் கிடந்தார். வார்டில் நடப்பது அத்தனையும் அவர் காதுக்குத் தப்பாது.

"இங்க பாரும்மா," என்றார் கணவர். "யாருமே சாகாத புத்தகத்தைப் படிச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. மிச்சம் நான் ஒருத்தன்தானே இருக்கேன்னு தோணுது. ஒரு கொலைக் கதை கொண்டா. நாலு பேர் செத்தா எனக்குத் துணையா இருக்கும்."

நாத்தனார் அப்போதுதான் ஃப்ளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். "நல்லா இருக்கு அண்ணி, ஆஸ்பத்திரிக் கட்டில்ல கொலைக் கதையா? அண்ணனுக்குத்தான் புத்தி இல்ல, உங்களுக்குமா?"

"உங்கண்ணன் கேக்கறாரு, நான் என்ன பண்ணட்டும்?"

"வேற ஒரு கண்டிஷனும் இருக்கு," என்றார் அவர். "நீயும் என்கூட முதல்லேருந்து படிக்கணும். கடைசிப் பக்கத்தைப் பாக்கக் கூடாது. எனக்கு மட்டும் முடிவு தெரியாம, உனக்கு மட்டும் தெரிஞ்சு உக்காந்திருந்தா, உன் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவேன்."

கடைக்கு அன்று காலைதான் வந்திருந்த பழைய புத்தகக் கட்டுக்குள், அவள் இன்னும் பிரிக்காத ஒரு கொலைக் கதை இருந்தது. கடைசி அத்தியாயத்தை அவரே கிளிப் போட்டு இறுக்கினார். அவள் வாசிக்க, அவர் கேட்க, தபால்காரரும் இலவசமாகக் கேட்டார். மலையடிவார பங்களாவில் ஒவ்வொருவராகச் செத்தார்கள். "தோட்டக்காரன்தான்" என்றார் கணவர். அடுத்த அத்தியாயத்தில் தோட்டக்காரன் செத்தான். "சரி, அவன் இல்ல." சர்க்கரை இறங்கியது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். கிளிப் போட்ட அத்தியாயம் மட்டும் மிச்சம்.

"வந்து கேட்டுக்கறேன், வச்சிரு" என்றார்.

கதைகளில் இந்த மாதிரி நேரத்தில் மனிதர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கை முழுவதற்கும் சேர்த்து ஒரு வாக்கியம் சொல்வார்கள். அவள் எத்தனை படித்திருக்கிறாள்! தள்ளுவண்டி லிஃப்டுக்குள் நுழையும்போது அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் குனிந்தாள்.

"கதவு ரோலர் தேஞ்சிருக்கு. சத்தம் கேக்குதா? ஆஃபீஸ்ல சொல்லி வை."

கதவு கிறீச்சிட்டு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவள் மடியில் புத்தகம் இருந்தது. உள்ளே நடப்பதற்குத்தான் கடைசிப் பக்கம் கிடையாது, இதற்காவது இருக்கிறதே என்று விரல் தானாகக் கிளிப்புக்குப் போயிற்று. கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டால் ஒரு விஷயமாவது நிச்சயமாகிவிடும். கிளிப்பை அமுக்கினாள். அதன் வாய் பிளந்தது. அவர் வந்து தன் மூஞ்சியைப் பார்ப்பாரே என்று நினைத்தாள். பார்க்க வேண்டுமே என்றும் நினைத்தாள். கிளிப்பை விட்டாள். விரலில் வரி விழுந்திருந்தது. எழுந்துபோய், லிஃப்ட் கதவு ரோலர் தேய்ந்திருப்பதை ஆஃபீஸில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கண்டம் தாண்டிவிட்டது. குழாய்களையெல்லாம் எடுத்து, நெஞ்சோடு கட்டிக்கொள்ள ஒரு தலையணையும் கொடுத்து அவரை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். இருமினாலும் சிரித்தாலும் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டுமாம். கட்டிலில் சாய்ந்ததும் கேட்டார், "யாரும்மா கொன்னது?"

"எனக்கெப்படித் தெரியும்?"

அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். "அட, நிஜமாவே பாக்கலியா!"

கிளிப்பை எடுத்தார்கள். அவள் வாசிக்க ஆரம்பித்தாள். நாலாவது பக்கத்தில் குரல் நின்றுவிட்டது.

"என்ன, சொல்லு."

"டாக்டர்தாங்க," என்றாள். "ஊரே கையெடுத்துக் கும்பிட்ட அந்த ஆபரேஷன் டாக்டர்தான் எல்லாரையும் கொன்னது."

அவர் தலையணையைக் கட்டிப்பிடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அம்மா, வலிக்குது, சிரிக்க வைக்காதே!"

அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கிளிப்பைப் பிளந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தட்டியிருப்பாள்.

"எனக்கு அப்பவே தெரியும் தங்கச்சி," என்றார் தபால்காரர், போர்வையை விலக்கி. "எப்பவோ படிச்சது. நீ முதல் பக்கம் படிக்கும்போதே ஞாபகம் வந்துடுச்சு. வாயை மூடிட்டிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"சொன்னாலும் உன் வீட்டுக்காரர் தியேட்டருக்குப் போயிடுவாரு. நீ விடுவியா?"

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அவள் புத்தகத்தைப் போர்வைக்கடியில் தள்ளினாள். பாதிதான் போயிற்று. டாக்டர் தையலைப் பார்த்தார், நாடி பார்த்தார், பிறகு புத்தகத்தைப் பார்த்தார்.

"கொலைக் கதையா? எனக்கும் இதெல்லாம் பிடிக்கும். முடிச்சிட்டீங்கன்னா நான் எடுத்துக்கட்டுமா?" புரட்டிக்கொண்டே கேட்டார், "இதுல நிறைய பேர் சாவாங்களோ?"

கணவர் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தபால்காரர் மறுபடியும் போர்வைக்குள் போய்விட்டார். கடைசிப்பக்கம் மட்டும் கடையில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"சாவாங்க டாக்டர். ஆனா ஆபரேஷன் மேசையில ஒருத்தரும் இல்ல."

புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி, கடைசி அத்தியாயத்துக்குக் கிளிப்பை மாட்டி, திருப்பிக் கொடுத்தாள்.