செவலைக் கோழியும் இருபது நிமிஷமும்

நேற்றுக் கடையில் ஒரு சோப்புத்தூள் பாக்கெட் கிழிந்து கிடந்தது. அதே எலுமிச்சை வாசனை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்கார அண்ணாச்சி ஒரு மாதிரி பார்த்தார். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

ராதாபுரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்த புதிது. பனங்காடு என்பதால் சுருட்டை விரியன் கடித்து வருகிறவர்கள் அதிகம். அதன் விஷம் ஏறினால் ரத்தம் உறையாது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். கட்டியாக நின்றால் நிம்மதி. தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். எனக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். குழாய்களை எலுமிச்சை வாசனைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அடுக்கி வைத்திருப்பேன்.

ஒரு நாள் காலையில், ஓலை பொறுக்கப் போன இடத்தில் காலில் கடி வாங்கிக்கொண்டு ஒருவர் வந்தார். கூடவே மனைவி, கையில் தூக்குச்சட்டி. திறந்தால் செத்த சுருட்டை. வழியெல்லாம் அவருக்கு வேப்பிலையை ஊட்டிக் கசக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்திருந்தாள், கசக்காவிட்டால் விஷமாம். மனிதருக்குக் கடியைவிட வாய்தான் பெரிய உபத்திரவமாக இருந்தது.

இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்தேன். ரத்தம் ஓடியது. அந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மருந்தெடுக்கப் போன டாக்டர் நின்றார். கடிவாயிலும் ஈறிலும் ரத்தக் கசிவே இல்லையே என்று யோசித்தவர், என்னை வெளியே கூப்பிட்டு, குழாயை எதில் கழுவினேன் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். சோப்பு ஒட்டியிருந்தால் நல்ல ரத்தமும் உறையாது என்றார். தேவையில்லாமல் ஏற்றினால் அந்த மருந்தே மூச்சை அடைக்கலாம் என்றும் சொன்னார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. புதுக் குழாய் பிரித்தோம். இன்னொரு இருபது நிமிஷம்.

கட்டிலில் கிடந்தவருக்கு இந்த சோப்பு விவகாரம் தெரியாது; ரத்தம் ஓடியதை மட்டும் பார்த்திருந்தார். மனைவியின் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, உன் செவலக் கோழிய நாய் தூக்கல. நாந்தான் கூட்டாளிமாரோட சேந்து அடிச்சுத் தின்னேன். மனசுல வச்சுக்கிடாத."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாயையே பார்த்தாள். நேரமானதும் சாய்த்தேன். ரத்தம் கட்டியாக அப்படியே நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் இன்னொரு தடவை சாய்த்துக் காட்டச் சொன்னாள். பார்த்தாள். பிறகு பைய அவர் பக்கம் திரும்பினாள்.

"உறஞ்சிட்டுல்லா? இப்பம் சொல்லும். எந்தக் கோழி?"

விஷம் பின்னால் ஏறக்கூடும் என்று ஒரு நாள் முழுக்க அவரைப் படுக்கவைத்து, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் உறைந்தது. அவருக்கு அதில் பெரிய சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது நான் இருக்கும் இடத்தில் குழாய் கழுவுகிற வேலையே இல்லை. ரத்தத்தை எடுத்து உள்ளே கொண்டுபோனால் மெஷின் பார்த்துச் சொல்லிவிடுகிறது. நல்லதுதான். ஆனால் கட்டில் பக்கத்தில் குழாயை வைத்துக்கொண்டு யாரும் காத்திருப்பதில்லை. கோழியைப் பற்றிச் சொல்ல யாருக்கும் அவகாசமும் கிடைப்பதில்லை.