டீக்கடை மீதியில் வந்த லட்சாதிபதி

என் வீட்டுக்காரருக்கு டீக்கடையில் மீதிச் சில்லறையாக வந்த ஒரு இரண்டு ரூபாய் காசு எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. காசின் நடுவே ஒரு வட்டம் ஆழமாகப் பதிந்திருந்தது. மறுபக்கம் வழவழவென்று மழுங்கியிருந்தது. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு சவாரி இல்லாத நேரமெல்லாம் போன்தான் துணை. அச்சடிக்கும்போது தப்பாகிப்போன காசுக்கு லட்சக்கணக்கில் தருவார்கள் என்று ஏதோ ஒரு வீடியோவில் எவனோ சொல்லிவிட்டான்.

என் போனில் படம் எடுத்து அந்த வீடியோவில் இருந்த நம்பருக்கு அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது. காசுக்கு மூன்று லட்சமாம், ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் பதிவுக் கட்டணமாக இருபதாயிரம் கட்ட வேண்டுமாம். எங்களிடம் அவ்வளவு மதிப்புக்கு இருந்தது, என் அம்மா வீட்டில் போட்ட செயின் ஒன்றுதான்.

"விக்கவா போறேன்? அடகுதான. ஒரு வாரத்துல திருப்பிடலாம்" என்றார்.

நான் பிடிகொடுக்கவில்லை. சரியான ஆள், வேறு பக்கமாக வந்தார். "ஒவ்வொரு மழைக்கும் ஒழுகுற வூட்ட அப்புறம் எப்பதான் கட்டுறது?"

அந்தக் கேள்வியில் சாய்ந்துவிட்டேன். மறுநாள் காலையில் செயினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறுங்கழுத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எனக்குப் பீங்கான் யூனிட்டில் வேலை. மண்ணை டை என்கிற இரும்பு அச்சில் போட்டு, பிரஸ்ஸில் அழுத்தி ஃப்யூஸ் கட்டை எடுக்க வேண்டும். டை தேய்ந்து உயரம் குறைந்தால் அடியில் எதையாவது வைத்துத் தூக்க வேண்டும். அளவாகத் தகடு வெட்டி வைக்க யாருக்குப் பொறுமை? இடுப்பில் செருகியிருக்கும் பர்ஸிலிருந்து ஒரு காசை எடுத்து வைத்துவிடுவோம். அது நசுங்கியதும் வேறு காசு.

அன்று கட்டைகள் ஒரு பக்கம் பருமனாக வந்தன. டையைத் தூக்கி, அடியில் இருந்த காசை எடுத்து மண்ணைத் துடைத்தேன். நடுவே ஒரு வட்டம்.

போனில் இருந்த படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். எங்கள் டையின் அடி விளிம்பு ஓரிடத்தில் சின்னதாகச் சில்லு போயிருக்கும். அந்த இடத்தில் மட்டும் வட்டம் பதியாது. இரண்டு காசிலும் அதே இடைவெளி இருந்தது. அரசாங்கம் ஒழுங்காகத்தான் அச்சடித்திருக்கிறது. கெடுத்தது நாங்கள். போன மாதம் மாற்றிய காசை எங்களில் யாரோ டீக்குக் கொடுத்திருக்கிறோம்.

அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டேன். பணம் கட்டியே விட்டார் என்று நினைத்தபோது எடுத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"அடகுக் கடையிலதான். ஒரசிப் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"செயின வாங்கிட்டு வந்துடுங்க. அது எங்க பிரஸ்ல நசுங்குன காசுங்க. நானே வச்ச காசா இருந்தாலும் இருக்கும்."

கத்தப்போகிறார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"நல்லவேள" என்றார். "எனக்கும் மனசு ஒப்பாமத்தான் இருந்துச்சு. அவ்ளோ பேசிட்டு வேணாம்னு உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அப்படியே மண் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வீடு ஒழுகினால் ஒழுகட்டும், பாத்திரம் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

சாயங்காலம் யூனிட் வாசலுக்கு ஆட்டோவோடு வந்தார். செயினைப் போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. வழியில் அதே டீக்கடையில் நிறுத்தி இரண்டு டீ சொன்னார். குடித்துவிட்டு, கொடுத்த சில்லறையோடு அந்தக் காசையும் வைத்தார். கடைக்காரர் அதை மட்டும் தனியாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, செல்லுமா?"

"ரெண்டு ரூபாய்க்குச் செல்லும்ங்க" என்றார் என் வீட்டுக்காரர்.