ஏழு புள்ளி எட்டு மாப்பிள்ளை

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன். பத்திரிகையில் என் பத்தி மட்டும் வாராவாரம் வந்ததே என்று கேட்காதீர்கள். எழுதுவதற்குக் கால் தேவையில்லை.

டிவியைப் போட்டால் எல்லா நாடகத்திலும் யாராவது ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தார். சலித்துப்போய், என் அண்ணன் மகள் தர்ஷினிக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, நீ ஏதோ ஜப்பான் கார்ட்டூன் பார்ப்பியே... அதுல எனக்கு நல்லதா ஒண்ணு சொல்லு."

துக்க வீட்டில் பேசுகிற குரலில் திருத்தினாள்.

"அத்தை... அது கார்ட்டூன் இல்ல. அனிமே."

தர்ஷினிக்கு இருபத்தொன்பது வயது. வீடு ஜோகூர் பாருவில், வேலை சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கம்பெனியில். தினமும் பஸ்ஸில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய்வருகிறாள். பாலத்தில் ஜாம் என்றால் நீங்களும் நானும் யாரையாவது திட்டுவோம். இவள் மட்டும் இன்னும் ரெண்டு எபிசோட் கிடைத்ததே என்று சந்தோஷப்படுவாள்.

சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஜாதி இல்லை இவள். பார்த்த ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுவாள். அதுவும் முழு எண்ணில் போட்டால் கௌரவக் குறைச்சல். புள்ளி வைத்துத்தான் போடுவாள். ஒரு தொடருக்கு எட்டு புள்ளி மூன்று, இன்னொன்றுக்கு எட்டு புள்ளி நான்கு.

"அந்த ஒரு புள்ளி எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"முடிவுப் பாட்டுக்கு."

நகைக்கடையில்கூட இவ்வளவு நுணுக்கமாக எடை போட மாட்டார்கள்.

சரி, எனக்கு என்ன சிபாரிசு செய்தாள்? முதலில் விசாரணை. அழணுமா, யோசிக்கணுமா, பயப்படணுமா? ஜப்பானிய மொழியிலேயே பார்ப்பீர்களா, இல்லை ஆங்கிலக் குரல் வைத்த பாவத்தைச் செய்வீர்களா? இதற்கு முன்னால் என்னென்ன பார்த்திருக்கிறீர்கள்? டாக்டர்கூட என் காலைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கவில்லை.

"எனக்குச் சிரிக்கணும்" என்றேன்.

"சிரிக்கிறதுல தரமானது கம்மி அத்தை. நான் ஒண்ணு அனுப்பறேன். ஒம்போது புள்ளி ரெண்டு. மாஸ்டர்பீஸ்."

அனுப்பினாள். இடிந்துபோன ஒரு நகரத்தில் ஒருவன் நடக்கிறான். மழை பெய்கிறது. அவன் நிற்கிறான். மழை பெய்கிறது. வெள்ளக் காலத்துக் கோத்தா திங்கியில்கூட நான் இவ்வளவு மழையைப் பார்த்ததில்லை. அரை மணி நேரத்தில் மொத்தம் ஆறு வார்த்தை பேசினான்... அதில் இரண்டு இருமல்.

போன் போட்டுப் புகார் சொன்னேன்.

"முதல் பன்னிரண்டு எபிசோட் பொறுத்துக்கணும் அத்தை. பதிமூணுலதான் சூடு பிடிக்கும்."

நீங்களே சொல்லுங்கள் — ஒரு மாமாக் ரொட்டிக் கடைக்காரர், "முதல் பன்னிரண்டு ரொட்டி கருகித்தான் வரும், பதிமூன்றாவது பிரமாதம்" என்றால் உட்கார்ந்திருப்பீர்களா? அனிமே ரசிகர்கள் உட்கார்ந்திருப்பார்கள். உட்காராதவர்களைப் பார்த்துப் பரிதாபப்படவும் செய்வார்கள்.

மார்க் குறைவதற்கும் விதி இருக்கிறது. அவளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. எல்லோரும் இவளைப் போலவே. ஒரு தொடர் யாருக்கும் தெரியாமல் இருக்கும்வரை அதற்கு ஒன்பது. ஆபீசில் நாலு பேர் அதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் எட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்தப் படம் போட்ட பென்சில் பெட்டி வாங்கிவிட்டால் ஏழுக்கும் கீழே. தொடர் அதேதான், ஒரு காட்சிகூட மாறியிருக்காது. கெட்டுப்போனது பார்க்கிறவர்களின் எண்ணிக்கை மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை எனக்குச் சோறு கொண்டுவந்தாள். எதிரே உட்கார்ந்து, போனைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்துக்கொண்டு, சாப்பிடச் சாப்பிட விழுந்து விழுந்து சிரித்தாள். எட்டிப் பார்த்தேன். ஒரு நரி மீ நூடுல்ஸ் கடை நடத்துகிறது. வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் பேய்கள். ஒரு பேய் கடன் சொல்லிவிட்டு ஓடுகிறது, நரி அகப்பையோடு துரத்துகிறது. நானும் சிரித்தேன். காலை மறந்து சிரித்தேன்.

"இதுக்கு எவ்வளவு போட்ட?"

"ஆறு புள்ளி ஒண்ணு."

"எத்தனை தடவை பார்த்திருப்ப?"

"அது... மூணு தடவை."

"அந்த மழைப் படத்தை?"

போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் பெரிய மனுஷிபோலச் சொன்னாள், "பிடிக்கிறது வேற அத்தை, தரமா இருக்கிறது வேற."

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மூன்று தடவை சிரிக்கவைத்த நரிக்கு ஆறு. கொட்டாவி வரவைத்தவனுக்கு ஒன்பது. அப்படியானால் அந்த மார்க் தொடருக்குப் போட்டதா, இல்லை தனக்கே போட்டுக்கொண்டதா?

இந்தப் பைத்தியத்தைத் திட்டி ஒரு பத்தி எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தர்ஷினியைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை பெயர் கதிரவன். மூவாரில் நாற்காலி மேசை செய்யும் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவரும் அவர் அம்மாவும் ஊர்க் காப்பித்தூளும் பழங்களுமாக வந்தார்கள். நான் அண்ணன் வீட்டுக் கூடத்தில் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தேன்.

ஜாதகம் முன்பே பார்த்தாயிற்று. பத்துக்கு ஏழு பொருத்தம். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. "ஏழு வந்திருக்கு! ரஜ்ஜுவும் பொருந்தியாச்சு! இதுக்கு மேல என்ன வேணும்?" என்று எனக்கே நாலு தடவை போன் செய்தார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வாசல் பக்கம் தனியாகப் பேசினார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு அம்மாக்களும் கேசரியைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் அங்கே அனுப்பியிருந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்து, அவர்கள் வந்த காடி தெருமுனை திரும்பியதும் அண்ணி ஓடிவந்தார்.

"என்னடி, மாப்பிள்ளை எப்படி?"

தர்ஷினி கொஞ்சம் யோசித்தாள். கன்னம் சிவந்திருந்தது. அதை நான் கவனித்தேன், பெற்றவள் கவனிக்கவில்லை.

"ஏழு புள்ளி எட்டு."

"அலமாக்! ஏழா?"

"புள்ளி எட்டும்மா."

"மிச்சம் எங்கடி போச்சு?"

இங்கேதான் நான் உள்ளே புகுந்திருக்க வேண்டும். கிரகங்கள் கூடி ஏழு போட்டால் மண்டபம் பார்க்க ஓடுகிற குடும்பம், பெண்ணே வாயைத் திறந்து ஏழே முக்காலுக்கு மேல் போட்டால் இடிந்து உட்காருகிறதே... என்ன கணக்கு இது? ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அண்ணி போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

அண்ணி நேர்மையானவர். மனதில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று பேசத் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டு, "பொண்ணுக்கு அவ்வளவா திருப்தி இல்ல போலிருக்கு. பத்துக்கு ஏழுதான் போடறா. கொஞ்ச நாள் டைம் கொடுங்க, பேசிப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டார். புள்ளி எட்டைக்கூடக் கொடுக்கவில்லை, பாருங்கள்.

அந்த அம்மாள் என்ன சொல்லியிருப்பார்?

"எம் மகன் என்ன பரிட்சைப் பேப்பரா? நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்."

அவ்வளவுதான். கட்.

சாயங்காலம் தர்ஷினி என் வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து அழுதாள். சும்மா கண்ணைக் கசக்கவில்லை. மூக்கு ஒழுக ஒழுக அழுதாள்.

"ஏழு புள்ளி எட்டுன்னா எவ்வளவு பெரிசுன்னு அம்மாவுக்குத் தெரியல அத்தை. மனுஷங்களுக்கு நான் ஆறு தாண்டிப் போட்டதே இல்ல!"

"எனக்கு எவ்வளவு?"

"அத்தை, இது இப்ப முக்கியமா?"

முக்கியம்தான். ஆறைத் தாண்டவில்லை என்று தெரிந்த பிறகு நெஞ்சில் ஒரு முள் இருந்துகொண்டே இருக்கிறது. ஆனாலும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

"பிடிச்சிருக்கில்ல? அந்தப் பிள்ளைக்கே நேரா எழுது" என்றேன்.

எழுதினாள். எழுதிக்கொண்டே இருந்தாள். வாங்கிப் பார்த்தேன். தொடக்கம் கொஞ்சம் மெதுவாக இருந்ததாம், போகப் போக அவருடைய குணம் ஆழமாக வெளிப்பட்டதாம், நகைச்சுவை அளவாக இருந்ததாம், சட்டையின் நிறத்தில் இன்னும் கவனம் செலுத்தியிருக்கலாமாம். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு விமர்சனம் எழுதி வைத்திருக்கிறாள்! எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "நேர்ல பேசலாமா?" என்று நானே தட்டி அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை ஸ்கூடாயில் ஒரு மாமாக் கடை. மூவாரிலிருந்து அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார் கதிரவன். சட்டை அதே நிறம். காவலுக்கு நான், ஊன்றுகோலோடு.

தே தாரிக் டீ வந்தது. தர்ஷினி நிமிர்ந்து உட்கார்ந்து, ஆபீசில் கணக்குக் காட்டுவதுபோல் ஆரம்பித்தாள். "முதல்ல என்னோட ஸ்கேல் எப்படின்னு சொல்றேன். அஞ்சுங்கறது ஆவரேஜ்..."

அவர் பொறுமையாகக் கேட்டார். மரத்தோடு வேலை செய்கிறவர் இல்லையா, பழகியிருக்கும்.

"அன்னிக்கு எனக்கு ஒரு தொடர் பார்க்கச் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?" என்றார். "அதான், மழை பெஞ்சுகிட்டே இருக்குமே."

பெண் பார்க்க வந்தவனுக்கும் அதே கஷாயத்தை ஊற்றியிருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பார்த்தீங்களா?" அவள் குரலில் ஆவல்.

"பார்த்தேன். தூங்கிட்டேன்."

முடிந்தது கதை என்று நினைத்தேன். அவளுடைய குழுவில் இதற்குக் குறைந்த தண்டனையே வெளியேற்றம்தான். தர்ஷினி அவரையே பார்த்தாள். கிளாஸை டக்கென்று மேசையில் வைத்தாள். திட்டப் போகிறாள் என்று ஊன்றுகோலைக் கையில் எடுத்தேன்.

"நானும்தான்" என்றாள். "மொத ரெண்டு தடவையும் தூங்கிட்டேன்."

"அப்புறம் எதுக்குலா எனக்குச் சொன்னீங்க?"

"நல்ல ரசனை உள்ள பொண்ணுன்னு நீங்க நினைக்கணும்னு."

இருபத்தொன்பது வருஷத்தில் அவள் சொன்ன மிக நேர்மையான விமர்சனம் இதுதான். நாம் அடுத்தவருக்கு ஒன்றைச் சிபாரிசு செய்யும்போது முக்கால்வாசி நேரம் சிபாரிசு செய்வது நம்மைத்தானே? மார்க் போடுவதும் அப்படித்தான். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் நம் மனது வெளியே தெரிந்துபோகும், யாராவது சிரிப்பார்கள். எண்ணைச் சொல்லிவிட்டால் ஒளிந்துகொள்ளலாம். எண்ணைப் பார்த்து எவனும் சிரிக்க மாட்டான்.

கதிரவன் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார், "எங்கம்மா இன்னும் கோபமாத்தான் இருக்காங்க. பொந்தியான்ல ஒரு இடம் பேசி வச்சிருக்காங்க, நாளைக்குப் போகணுமாம். நான் பேசினா நின்னுடும். ஆனா என்னன்னு சொல்லிப் பேசறது? ஏழு புள்ளி எட்டுன்னா எங்கம்மாவுக்குப் புரியாது. எனக்கும் புரியல. பிடிச்சிருக்கா, இல்லையா?"

அவள் கிளாஸைத் திருப்பினாள். என்னைப் பார்த்தாள். நான் மும்முரமாக மெனு படித்தேன், இருபது வருஷமாக மனப்பாடமாகத் தெரிந்த மெனு.

"பிடிச்சிருக்கு" என்றாள். காதுமடல் வரை சிவந்துபோய், கடைக்காரப் பையன் ஆர்டர் கேட்கிற சத்தத்தில் பாதி அமுங்கிப்போகிற குரலில்.

அடுத்து ஓர் 'ஆனா' வரும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. ரொட்டிதான் வந்தது.