கொறச்சு முறுக்கிக்கோ

எங்கள் எஸ்டேட்டு லாரிக்குப் பின்வண்டி ஒன்று உண்டு. இரண்டுமே பட்டாளத்துச் சாமான். சண்டை முடிந்ததும் ஏலத்தில் எடுக்கப்பட்டு பீர்மேட்டுக்கு ஏறி வந்தவை. லாரி பிரேக்கு பின்வண்டியைப் பிடிக்காது. அதற்குத் தனிப் பிரேக்கு. முன்பலகையில் ஓர் இரும்புத் திருகு இருக்கும். வலப்பக்கம் முறுக்கினால் சக்கரத்தைப் பிடிக்கும், இடப்பக்கம் திருப்பினால் விடும். திருகை ஒட்டி ஒரு பலகை, பலகையில் ஓர் ஆள். அந்த ஆள் என் அப்பா.

ஏற்றிய பாரத்தைப் பார்த்து, இறக்கம் தொடங்குமுன் திருகை இவ்வளவு என்று வைத்துவிட வேண்டும். வெறும் வண்டிக்கு ஒரு முறுக்கு, விறகுக்கு வேறு, தேயிலைப் பெட்டிக்கு வேறு. அப்பா லாரியோடு இறங்கிப் போனால் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் காது ரோட்டில்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றதற்கு அதுதான் காரணம் என்று அம்மா சொல்வாள். பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி நான். ஆனால் பயப்பட்டுப் பயப்பட்டு எதையும் தடுத்ததாக நினைவில்லை.

அந்த மழைக்காலத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. எஸ்டேட்டு மருந்துக்காரர் கொடுத்த சிவப்புத் தண்ணீருக்கு அது மசியவில்லை. பலகையில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டால் வேலை போகும். வேலை போனால் லயத்தில் எங்கள் அறையும் போகும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவது? அம்மா அழுதாள். அழுததற்குப் பலனாக அவள் தம்பி, எங்கள் மாமா, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலை ஏறி வந்து சேர்ந்தார். அப்பா எழுந்திருக்கும்வரை அவர் அந்தப் பலகையில் உட்காரலாம் என்று ஆபீசில் ஒத்துக்கொண்டார்கள்.

மாமாவுக்கு மலையாளம் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. “தமிழத்தாம்லா மூக்கால பேசுதாங்க. இதுல படிக்க என்ன கெடக்கு?” என்பார். எனக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்த மலையில் இரண்டு பாஷையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எது எந்தப் பாஷைச் சொல் என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததில்லை.

அப்பா படுத்தபடியே மாமாவுக்குப் பாடம் சொன்னார்.

“வெத்து வண்டிக்கு இறுக்கிராதீரும். சக்கரம் உருளாம இழுபடும். பெட்டி ஏத்துனா கை வலிக்க முறுக்கணும். இல்லேன்னா லாரிய முட்டித் தள்ளிரும்.”

“மழைல அத்தான்?”

“மழைல பைய. ரொம்ப இறுக்குனா வழுக்கும். டிரைவரு பாத்துச் சொல்லுவாரு. அவரு சொன்னா அதான். மறுபேச்சு பேசக் கூடாது.”

“மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரில்லா இருக்கு.”

“மாடுன்னா அதுக்கும் உசுரு பயம் இருக்கும் மாப்ள. இதுக்குக் கெடையாது.”

மாமா அத்தனையையும் ஒருமுறை திருப்பிச் சொன்னார். ஒரு தப்பும் இல்லை.

காய்ச்சல் முற்றி அப்பா பிதற்றத் தொடங்கியதும், கீழே முண்டக்கயத்துக்குத் தேயிலைப் பெட்டி கொண்டுபோகும் லாரியிலேயே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி உத்தரவானது. அம்மா குழந்தையை விட்டு வரமுடியாது. தண்ணீர்ச் செம்போடு என்னை ஏற்றிவிட்டாள். முன்னால் டிரைவர், நடுவில் நான், கதவோரம் சுருண்டு அப்பா. டிரைவர் கோட்டயத்துக்காரர், நல்ல மனிதர். நாங்கள் சேட்டன் என்று கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் இருந்த சிறு கண்ணாடி வழியே, சாக்கைத் தலைக்குமேல் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மாமா பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. என்னைப் பார்த்து மூக்கைச் சுருக்கிக் காட்டினார். இருந்த பயத்திலும் சிரித்துவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. இறக்கம் தொடங்கிச் சற்று தூரத்தில் பின்வண்டி லாரியை லேசாக முட்டியது. சேட்டன் நிறுத்தி, தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

“எடா தம்பி, கொறச்சு முறுக்கிக்கோ!”

மாமா தலையாட்டினார். இரண்டு கைகளாலும் திருகைத் திருப்பிவிட்டு, ஆச்சு என்று கையைத் தூக்கினார். லாரி நகர்ந்தது. இப்போது முட்டு முன்னைவிட பலமாக விழுந்தது. அப்பாவின் தலை கதவில் இடித்தது. சேட்டன் ஓட்டிக்கொண்டே திரும்பிக் கத்தினார்.

“இனியும் கொறச்சு!”

மாமா மறுபடி தலையாட்டினார். மறுபடி திருப்பினார். அவ்வளவு பணிவாக அவர் வேறு எந்த வேலையும் செய்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வளைவில் பின்வண்டி லாரியைத் தள்ளத் தொடங்கியது. சேட்டன் தெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே வண்டியை மலைப்பக்கம் ஒடித்தார். அதனால் நாங்கள் மூவரும் பிழைத்தோம். பின்வண்டி குடைசாய்ந்து, பெட்டிகள் உடைந்து, ஓடையெல்லாம் தேயிலையாக ஓடியது. பின்வண்டிக்கடியில் மாமாவின் இடது கால்.

கொறச்சு என்றால் மலையாளத்தில் கொஞ்சம் என்று அர்த்தம். கொஞ்சம் முறுக்கு என்றார் சேட்டன். குறைத்து முறுக்கு என்று கேட்டுக்கொண்டார் மாமா. இன்னும் கொஞ்சம் என்றார் அவர். இன்னும் குறைத்தார் இவர். மழையில் இறுக்கக் கூடாது என்று அப்பா சொன்னதும் அதற்குப் பொருந்திப் போயிற்று.

இது எனக்கு உறைத்தது, கல்யாணமாகிப் பாலக்காட்டுக்குக் கிழக்கே வந்து பல வருஷம் கழித்து. கோயமுத்தூரிலிருந்து புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாள் மளிகைக்கடையில் பருப்புக் கேட்டாள். கடைக்காரர், “கொறச்சு தரட்டே?” என்றார். “ஏனுங்க கொறைக்கறீங்க? நாங் குடுக்கறது மட்டும் கொறஞ்ச காசுங்களா?” என்று அவள் சண்டைக்குப் போனாள். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். வெயிலுக்கு மயக்கம் என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. மாமாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மாமா கட்டையூன்றிக்கொண்டு மலைக்குத் திரும்பி வந்தபின் ஆபீசில் விசாரணை நடந்தது. சேட்டனைத் தனியாகவும் மாமாவைத் தனியாகவும் கூப்பிட்டுக் கேட்டார்கள். மாமாவைக் கொண்டுவந்து விட்டவர் என்பதால் அப்பா இரண்டு தடவையும் வாசலில் நின்றார். நான் முறுக்கத்தான் சொன்னேன் என்றாராம் சேட்டன். அவர் குறைக்கத்தான் சொன்னார் என்றாராம் மாமா. இருவரில் ஒருவர் பொய்யர் என்று முடிவாயிற்று. சேட்டன் பல வருஷத்து ஆள்.

எஸ்டேட்டுத் துரை கடைசியாக அப்பாவிடம், நீ வண்டியில்தானே இருந்தாய், டிரைவர் என்ன சொன்னான் என்று கேட்டிருக்கிறார்.

“காச்சல் வேகத்துல எனக்கு ஒண்ணும் நெனவில்ல தொரை” என்றிருக்கிறார் அப்பா.

அது பொய்யில்லை. ஆனால் இரண்டு பாஷையும் தெரிந்து, வாசலில் நின்று இருவர் சொன்னதையும் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான். பாஷை தெரியாதவனைப் பலகையில் உட்கார வைத்தது யார் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருந்திருக்கும். அப்பாவின் பலகை அப்பாவுக்கே கிடைத்தது. அறையும் தங்கியது. பொய்யன் என்று பெயர் வாங்கிய மாமாவை மலையைவிட்டுப் போகச் சொன்னார்கள்.

புறப்படுகிற அன்று மாமா வாசற்படியில் உட்கார்ந்து வேட்டியை மடித்துக்கட்டப் பார்த்தார். ஒரு பக்கம் நிற்கவில்லை. அம்மா குனிந்து கட்டிவிட்டாள். அப்பா சுவரோரம் நின்றார். மாமா திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஏ பிள்ள, நீ முன்னாலதான இருந்த? ஒரு பயலும் ஒங்கிட்டக் கேக்கல பாத்தியா. நெசத்தச் சொல்லு. அந்த ஆளு என்ன சொன்னான்?”

“கொறச்சு முறுக்கிக்கோன்னாரு. பெறவு, இனியும் கொறச்சுன்னாரு.”

மாமாவின் முகம் மலர்ந்ததை இன்றைக்கு நினைத்தாலும் மனம் பொறுப்பதில்லை. “கேட்டியாக்கா? அத்தான், கேட்டீரா? சின்னப்பிள்ள பொய் சொல்லுமா? கொறைக்கத்தான் சொல்லிருக்கான் பாவி! இது போதும் எனக்கு” என்று அழுதுகொண்டே சிரித்தார்.

அம்மா வேட்டி முனையைப் பிடித்த கையோடு அப்படியே நிமிர்ந்தாள். மாமாவை அவள் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். அப்பா என்னிடம், “வெளிய போய் வெளையாடு” என்றார்.

போனேன். யாரும் கேட்காத உண்மையைச் சொல்லிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை. எங்கள் மாமா பொய்யரில்லை, சேட்டன்தான் பொய்யர் என்று லயத்துப் பிள்ளைகள் எல்லோரிடமும் சொன்னேன். உள்ளே அம்மா அலறி அழும் சத்தம் கேட்டது. தம்பி ஊருக்குப் போகிறாரே என்று அழுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.