முதல் தலைப்பில் யார் பெயர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். புதுச்சேரியில், சாரம் பகுதியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து சின்னத் தொழில்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "எழுத்த பெருசா போடு." இவர்களுக்கு வெப்சைட் என்றால் தெருமுனையில் கட்டுகிற பேனர்.

என்னை அதிகம் கத்த வைத்தவர்கள் உழவர்கரையில் கல்யாண வேலை எடுத்துச் செய்யும் ஓர் அண்ணனும் தம்பியும். அண்ணனுக்குச் சமையல், தம்பிக்குப் பந்தல். உள்ளூர்க் கல்யாணங்கள் தெரிந்தவர் சொல்லி வந்துவிடும். பெரிய வேலையெல்லாம் பிரான்சில் குடியேறிய நம்மூர்க் குடும்பங்களிடமிருந்து வரும். அவர்கள் அங்கேயே தேடிப் பார்த்து, போனில் பேசி, தை மாதக் கல்யாணத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வெப்சைட்.

நான் செய்து கொடுத்தபோது ஒழுங்காக இருந்தது. எச்.டி.எம்.எல்-லில் முதல் தலைப்புக்கு எச்-1 என்று பெயர். அதில் 'புதுச்சேரியில் கல்யாணச் சமையல், பந்தல்' என்று போட்டிருந்தேன். அடுத்த நிலையான எச்-2-வில் சைவம், அசைவம், பந்தல் வகைகள். தேடினால் முதல் பக்கத்திலேயே வந்தது. பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஐப்பசியில் தம்பி படியேறி வந்தான்.

"க்கா, பிரான்சுல இருந்து ஒரு போன் கூட வரல. தை மாசம் முழுக்க காலியா கெடக்கு. எல்லாம் அண்ணன் வெப்சைட்ட நோண்டுனதாலதான். இதே மாதிரி போனா பந்தல நான் தனியா பிரிச்சிக்கறேன்."

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எச்-1-இல் அண்ணன் பெயர். அதற்குக் கீழே இன்னொரு எச்-1, தம்பி பெயர். அதற்கும் கீழே இரண்டு வீட்டு மச்சான்கள், ஆளுக்கொரு எச்-1. எல்லாம் போல்ட், தடித்த எழுத்து. சமையலும் பந்தலும் கடைசியில், எச்-6-இல், பொடி எழுத்தில் கிடந்தன. தேடலில் காட்டுகிற டைட்டிலில்கூட அண்ணன் பெயர்தான்.

"உன் பேர யார்ரா போட்டது?"

"நான்தான். அவரு எச்-1, நான் எச்-2-வாம். பேனர்லயே எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்க்கா. மச்சானுங்க சும்மா இருப்பானுங்களா?"

அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். அடுப்பு வேலையைப் பாதியில் விட்டு, வேர்வையோடு வந்து உட்கார்ந்தார்.

"என்னாம்மா, போல்ட் போட்டா மேல வரும்னு வீடியோவுல சொன்னான்."

"முக்கியமான ரெண்டு வார்த்தைய போல்ட் பண்ணா அது ஒரு குறிப்புண்ணே. அதுக்கே பெரிய மதிப்பு கெடயாது. எல்லாத்தையும் பண்ணா எதுவுமே முக்கியமில்லன்னு அர்த்தம்."

"நம்ம பேரு தெரியாமயா ஜனம் வருது?"

"பாரிசுல இருக்கறவங்களுக்கு உங்க பேரு எப்டி தெரியும்? போன மாசம் அண்ணிக்குப் பல்லு வலின்னீங்களே, போன்ல என்னான்னு தேடுனீங்க?"

"பல் டாக்டர், உழவர்கரைன்னு."

"டாக்டர் பேர போட்டா தேடுனீங்க?"

தம்பி சிரித்தான். "நீ சிரிக்காத, நீயும்தான் கெடுத்த" என்று அவனையும் ஒரு பிடி பிடித்தேன். பக்கம் எதைப் பற்றியது என்று தலைப்புதான் சொல்ல வேண்டும். இவர்கள் பக்கம் ஒரு குடும்பத்தைப் பற்றியது என்று சொல்லிக்கொண்டிருந்தது. சமையல்காரரைத் தேடுகிறவனுக்குக் கூகுள் அதை எதற்குக் காட்டும்?

தலைப்பையும் டைட்டிலையும் பழையபடி மாற்றினேன். பெயர்களை அடியில், சாதா எழுத்தில், ஒரே வரியில் வைத்தேன்.

"யாரு பேரு மொதல்ல?" என்றான் தம்பி.

"அண்ணன் பேரு மொதல்ல. போன் நம்பர்ல உன்னுது மொதல்ல. மச்சானுங்க கெடயாது. புடிக்கலன்னா ரெண்டு பேரும் எந்திரிச்சி போங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாளே மேலே வந்துவிடவில்லை. கார்த்திகை வரை மெல்ல ஊர்ந்து ஏறியது. அந்தச் சமயத்தில்தான் வெப்சைட்டுக்குப் புதுப் படம் எடுக்க அவர்கள் கிடங்குக்குப் போனேன். பந்தல் சாமான்கள் இன்னும் பிரியாமல் அண்டாக்களுக்குப் பக்கத்திலேயே இருந்தன. தம்பி போன் அடித்தது. பிரான்ஸ் நம்பர்.

"ஆமாங்க, பந்தல் நாங்கதாங்க. சாப்பாடும் நாங்கதான். இருங்க, அண்ணன்கிட்ட குடுக்கறேன்."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, அரை மணி நேரம் பிரியாணியைப் பற்றிப் பேசினார். தை மாதத்தில் முதல் கல்யாணம் உறுதியானது. போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ம்மா, அந்த எச்-1-ல ஒரு ஓரமா..."

"உங்க பேரா?"

"எங்க ரெண்டு பேரு பேரும் சேத்துதாம்மா. அவன் பேர மொதல்ல போட்டா கூட சரிதான்."

தம்பி அண்டா மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாஸ்வேர்ட மாத்திட்டேண்ணே" என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்தேன்.